ஊருக்கு ஓர் உதயம்

ஒன்பதாம் மாதத்தின் முதல் நாள் விடியலில் சூரிய கிரகணம். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இருட்டிலேயே பிடித்துவிடும். எப்போது விடும் என்பதில்தான் தலைநகர் ஹான்யாங்கின் வான்கணக்கு மனையில் இரண்டு கணக்குகள் இருந்தன.

சூரியன் உதிப்பதற்குள் விட்டுவிடும் என்றார் கணக்கர் பியோ சங்கில். அப்படியானால் அது யார் கண்ணிலும் படாத கிரகணம். அதற்குச் சடங்கு இல்லை. அரசர் தூங்கலாம்.

உதிக்கும்போது கீழோரத்தில் ஒரு கடி மிச்சமிருக்கும் என்றான் தாக் முன்ஹோ. அப்படியானால் அரசரும் அமைச்சர்களும் வெள்ளை உடுத்தி அரண்மனை முற்றத்தில் நிற்க வேண்டும். சூரியன் முழுதாகும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது.

தலைமைக் கணக்கர் இரண்டு தாள்களையும் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். பிறகு, சடங்கு நடக்கட்டும் என்றார். நடத்தாமல் விட்டு, கடிபட்ட சூரியன் வந்து நின்றால் பெரிய தலைகள் உருளும். நடத்திவிட்டு முழுச் சூரியன் வந்தால் ஒரு கணக்கரின் தோல் மட்டுமே உரியும்.

ஆனாலும் எது சரியென்று தெரிந்தாக வேண்டும். ஹான்யாங்கைச் சுற்றி மலைகள். சூரியன் மலையேறி முகம் காட்டுவதற்குள் எந்தக் கடியும் ஆறிவிடும். எனவே இருவரும் கிழக்குக் கடலுக்குப் போகும்படி உத்தரவானது. அங்கே சூரியன் நீரிலிருந்து நேராக எழும். மறைக்க ஒன்றும் இல்லை. இருவரும் சேர்ந்து பார்த்து, ஒரே அறிக்கையில் இருவரும் முத்திரை வைக்க வேண்டும். கணக்குத் தப்பியவருக்கு அறுபது கழியடி.

அறுபது என்பது சொல்லில் சிறியது. போன வருடம் மழையளவைத் தவறாகக் குறித்த கணக்கர் ஒருவர் நாற்பதாவது அடியில் மயங்கி விழுந்தார். இன்றுவரை ஊன்றுகோல் இல்லாமல் நடப்பதில்லை. அவர் பருத்த ஆள். முன்ஹோ ஒல்லி. பனிக்காலம் வந்தால் மார்ச்சளியில் இரண்டு மாதம் படுக்கை.

அடி யாருக்கு விழுந்தாலும் அது ஒரே வீட்டில்தான் விழும். வான்கணக்குக் குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பவை. முன்ஹோவின் மனைவி சுக்யோங், பியோவின் தங்கை. புறப்படும் காலையில் அவள் இரண்டு மூட்டைகள் கட்டினாள். இரண்டிலும் எண்ணி ஒரே அளவு கருவாடு.

"யாரு அடி வாங்கினாலும் களிம்பு அரைக்கப் போறது நான்தான்," என்றாள். "நல்லாப் பாத்துட்டு வாங்க. பாத்ததச் சொல்லுங்க. பொய் சொல்லிட்டு வர்றவங்களுக்குக் களிம்பும் கெடையாது, சோறும் கெடையாது."

"அண்ணனுக்குமா?" என்றார் பியோ.

"அண்ணனுக்கு மொதல்ல."

எட்டு நாள் வழி. பியோ வழி முழுக்கப் பேசினார். மூன்று தலைமைக் கணக்கர்களிடம் அடி வாங்கிய பின்பக்கம் தன்னுடையது என்றும், அதற்கே தனியாக ஓய்வூதியம் கேட்கலாம் என்றும் சொன்னார். முன்ஹோ சிரித்தான். சிரித்துக்கொண்டே கணக்கை மனதில் மறுபடி ஓட்டினான். தன் கணக்குப்படி, உதயத்துக்குப் பின் ஊதுவத்தி அரை விரல் எரியும் வரை கடி நிற்கும். அரை விரல்தான். ஒரு தும்மலில் தவறவிடலாம்.

கடற்கரையில், பாறை முனையிலிருந்த ஒரு சிறிய புத்த மடத்தில் தங்கினார்கள். மாதத்தின் முதல் நாள் விடியலில் அந்தக் கோட்டத்தின் அதிகாரி முத்திரைப் பெட்டியோடு கொட்டாவி விட்டபடி வந்து சேர்ந்தார். கடல் தெரியவில்லை. கடல் இருந்த இடத்தில் வெள்ளையாக மூடுபனி கிடந்தது. அலைச் சத்தம் கீழிருந்து வருகிறதா மேலிருந்து வருகிறதா என்று சொல்ல முடியவில்லை. பாறையின் விளிம்பில் நின்ற முன்ஹோவுக்குத் தான் எதன்மேலும் நிற்கவில்லை என்று தோன்றியது.

பனி எங்கோ ஓரிடத்தில் சிவந்தது. சிவப்பு தடித்தது. பிறகு அதுவே ஓர் ஓரமாகி, வளைவாகி, மேலே வந்தது.

பியோ ஊதுவத்தியைப் பற்றவைத்தார்.

பனிக்குள் எழுந்த சூரியன் கண்ணைக் கூசவில்லை. வெந்த பழம்போல் மெத்தென்று இருந்தது. பாதி வந்தது. முக்கால் வந்தது. குறை ஒன்றும் இல்லை. கடைசியாகக் கீழோரம் நீரிலிருந்து பிரிந்தது. இடது பக்கம், கீழே, யாரோ கட்டைவிரலால் அழுத்தி எடுத்ததுபோல் ஒரு பள்ளம்.

கோட்ட அதிகாரி கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"இருக்கு," என்றார் கோட்ட அதிகாரி. "அட, இருக்குய்யா!"

பியோ கண்ணை எடுக்காமல் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு," என்றார். "என் பின்பக்கம் போச்சு. ஆனா அழகாத்தான் இருக்கு."

பள்ளம் சுருங்கியது. நகமளவு ஆனது. புள்ளியானது. பிறகு இல்லை. பியோ குனிந்து ஊதுவத்தியைப் பார்த்தார்.

"ஒரு விரல் எரிஞ்சிருக்கு. நீ அரை விரல்தானே சொன்னே, மாப்ளே?"

"கூடுதலா நின்னா நல்லதுதானே, மச்சான்."

"நல்லதுதான்," என்றார் பியோ. ஊதுவத்தியைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

அறிக்கை எழுதினார்கள். இருவரும் முத்திரை வைத்தார்கள். கோட்ட அதிகாரி உறையை ஒட்டித் தன் முத்திரையை அதன்மேல் குத்தினார். இனி அதைப் பிரிக்கும் உரிமை தலைமைக் கணக்கருக்கு மட்டுமே. முன்ஹோ அதை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். இரவல் கிடைத்த உயிர்போல அது கதகதப்பாக இருந்தது. பக்கத்தில் நடப்பவர் அடி வாங்கப் போகிறவர் என்பது நினைவு வரும்போதெல்லாம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் கால்கள் தாமாகவே வேகமாக நடந்தன.

கணக்குப் போட்டவனுக்கு ஓர் ஆசை உண்டு. தாளில் தான் எழுதிய ஒன்று வானத்தில் நடந்ததை வேறு யார் வாயாலாவது கேட்க வேண்டும். கடற்கரையிலிருந்து மூட்டையோடு மலையேறவிருந்த உப்பு வியாபாரிகளை அடிவாரத்தில் நிறுத்தினான்.

"முதல் தேதி காலைல சூரியனப் பாத்தீங்களா?"

"பாக்காம? எலி கொறிச்ச பணியாரம் மாதிரி வந்துச்சே!"

முன்ஹோ பியோவைப் பார்த்தான். பியோ தலையை ஆட்டிக்கொண்டார்.

கணவாயைத் தாண்டி மூன்றாம் நாள் மலையிறங்கினார்கள். மலை சரிந்து முடியும் இடத்தில் ஒரு கரிச் சூளை. கரிக்காரர் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார்.

"இவ்ளோண்டு. நகத்தால கிள்ளின மாதிரி. நான் சூளைக்குத் திரும்பி மறுபடி பாக்கறதுக்குள்ள காணோம்."

"நல்லாப் பாத்தீங்களா? பெரிசா இல்ல?"

"கரி சுடறவனுக்குக் கண்ணுதான் ஐயா பொழப்பே."

அங்கிருந்து கிளம்பியதும் பியோ சொன்னார்: "இனிமே யாரையும் கேக்காதே, மாப்ளே."

"ஏன்?"

"சும்மாதான். போற வழியில ஊர்க்காரங்களத் தொல்லை பண்ணிக்கிட்டு."

முன்ஹோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரிக்காரர் தாமதமாகப் பார்த்திருப்பார் என்று வைத்துக்கொண்டான். அச்சிட்ட நாட்காட்டியில் அந்த நாளுக்கு ஒரே உதயம்தான். நாட்டின் எல்லா ஊருக்கும் அதுவே. அவன் அப்பா காலத்திலும் அப்படித்தான் அச்சானது.

மறுநாள் ஆற்றங்கரையில் தெப்பம் கிடைத்தது. மலையில் வெட்டிய பைன் மரங்களை வரிசையாகக் கட்டி ஹான்யாங்குக்கு மிதக்க விடுவார்கள். அதன்மேல் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. தெப்பக்காரர் முன்னால் நின்று துடுப்பைத் தள்ளினார். அவர் அதிகம் பேசாத ஆள். ஈரமரத்தின் பிசின் வாசம் கூடவே வந்தது. கரைகள் பின்னோக்கி நகர்ந்தன. மேப்பிள் இலைகள் சிவந்து நீரில் விழுந்து, தெப்பத்தோடு கொஞ்ச தூரம் வந்து, பிறகு பின்தங்கின. முன்ஹோ மல்லாந்து படுத்தான். வானம் ஆற்றைப் போலவே மெல்ல ஓடியது. தான் போகிறோமா, நாடுதான் தன்னைக் கடந்து கிழக்கே போகிறதா என்று தெரியவில்லை.

கடலைவிட்டுக் கிளம்பிய நான்காம் நாள் மாலை, ஆறு வளையும் ஓரிடத்தில் தெப்பத்தைக் கட்டினார்கள். அங்கே ஒரு கள்ளுக்கடை. கிழக்கே மலை விலகி, வயல்வெளி வானம்வரை திறந்து கிடந்தது. கடைக்காரரும் அவர் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தார்கள். பார்லிச் சோறும் முள்ளங்கிக் கிம்ச்சியும் வந்தன. பியோ முன்ஹோவின் முழங்காலைத் தட்டி, வேண்டாம் என்று கண் காட்டினார். முன்ஹோ கேட்டுவிட்டான்.

"முதல் தேதி காலைல சூரியனப் பாத்தீங்களா?"

மனைவி சோற்றுப்பானையின் மூடியைத் தடாலென்று வைத்தாள். "ஐயோ, அத மட்டும் கேக்காதீங்க ஐயா. நாலு நாளா இந்த வீட்டுல அதுதான் ரகளை."

"கடிபட்டுத்தான் வந்துச்சு," என்றார் கடைக்காரர். "என் ரெண்டு கண்ணால பாத்தேன். கீழ, ஓரமா."

"எந்தக் கண்ணு? ராத்திரியெல்லாம் கள்ளுல ஊறப்போட்ட கண்ணா?"

"பாத்த ஒடனே இவளக் கூப்பிட்டேன் ஐயா. ஏய், ஓடியா, சூரியன எதுவோ கடிச்சுப்புடுச்சுன்னு கத்தினேன். மகாராணி மாதிரி அசைஞ்சு வந்தா."

"நாலு எட்டு ஐயா. அடுப்புலேருந்து வாசலுக்கு நாலே எட்டு. வந்து பாத்தா முழுசு. கழுவி வெச்ச பூசணி மாதிரி முழுசு. கல்யாணம் ஆன நாளா இந்தாளு இப்படித்தான். நான் வர்றதுக்குள்ள எல்லாம் நடந்து முடிஞ்சிடும்."

"நாலு எட்டுல என்னப் பொய்யனாக்கிட்டா, பாருங்க."

முன்ஹோ எழுந்தான். அடுப்பங்கரைக்குள் போய் நின்றான். அங்கிருந்து வாசல்வரை நடந்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வாசலில் நின்று கிழக்கே பார்த்தான். வயல்வெளிமேல் இருள் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் அப்படியே நின்றான்.

அவள் முதல் எட்டு வைத்தபோது சூரியன் தரையைவிட்டு எழுந்துகொண்டிருந்தது. நான்காம் எட்டில் கிரகணம் விட்டது. இந்த வாசலில் உதயமும் விடுதலும் ஒரே மூச்சில் நடந்திருக்கின்றன. கடலில், உதித்த பிறகு ஒரு விரல் ஊதுவத்தி எரிந்தது. கரிச் சூளையில் அதைவிடக் குறைவு. இங்கே நான்கு எட்டு. கிரகணம் விட்டது எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கணம்தான். சூரியன்தான் ஒவ்வோர் ஊருக்கும் தாமதமாக வந்திருக்கிறது. கிழக்கிலிருந்து மேற்கே, நடந்து வருபவர்போல.

"என்ன ஐயா, அங்கயே நின்னுட்டீங்க?" என்றாள் அவள்.

"ரெண்டு பேரு சொல்றதும் சரிதாம்மா."

"அது எப்படி?"

"அவரு பாத்தப்ப இருந்துச்சு. நீங்க வந்தப்ப இல்ல."

கடைக்காரர் யோசித்தார். "அதத்தானே நாலு நாளா சொல்றேன்?"

"நீ எங்க சொன்னே? நான் மெதுவா வந்தேன்னுதானே சொன்னே!"

சண்டை வேறு தடத்தில் மறுபடி தொடங்கியது. முன்ஹோ வெளியே வந்து ஆற்றோரம் உட்கார்ந்தான். பியோ பின்னாலேயே வந்தார். கையில் கள் கிண்ணம்.

"மச்சான், உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கடல்லயே ஒரு சந்தேகம். நீ அரை விரல்னு சொன்ன. ஒரு விரல் நின்னுச்சு. உன் கணக்கு அவ்ளோ தப்பா வராதுன்னு நெனச்சேன். சூரியன் சீக்கிரம் வந்துட்டாத்தான் அப்படி நிக்கும். கரிக்காரரு நகத்தக் காட்டினதும் முடிவாயிடுச்சு."

"கடலுக்கும் இந்தக் கடைக்கும் ஒரு விரல். இன்னும் இதே தூரம் போனாத்தான் ஹான்யாங்."

"ம்."

"அங்க இன்னொரு விரல் தாமதம். ஹான்யாங்ல சூரியன் உதிக்கறதுக்கு ஒரு விரல் முன்னாடியே விட்டிருக்கு." முன்ஹோவின் குரல் தணிந்தது. "அரசர் முழுச் சூரியனுக்கு முன்னாடி வெள்ளை உடுத்திக்கிட்டு நின்னிருக்காரு. நீங்க சொன்னதுதான் சரி."

பியோ கள்ளைக் குடித்து முடித்தார். "நான் சொன்னது சரியில்ல. விடை சரியா விழுந்துச்சு, அவ்வளவுதான். நான் உதயத்தச் சீனாக்காரங்க அட்டவணையிலேருந்து எடுத்தேன். அவங்க ஊரு உதயம். சோம்பேறித்தனம். அது எனக்குத்தான் தெரியும். நீ ஒரு வருஷம் ஒக்காந்து போட்ட கணக்கு, அரை விரல் பின்னாடின்னது ஒரு விரல் முன்னாடியாகி, ஒண்ணரை விரல்ல தப்பிடுச்சு. நான் ஒரு மத்தியானத்துல போட்டது, குருட்டாம்போக்குல அடிச்சுது. இதுல யாரு அடி வாங்கணும்?"

"கணக்குத் தப்பினவங்க."

"உறை உன் மாரோட இருக்கு. அதுல கடி இருந்துச்சுன்னு எழுதிருக்கு. அது பொய் இல்ல. நாம பாத்தோம். அப்படியே கொண்டுபோய்க் குடு. அறுபத நான் வாங்கிக்கறேன். எனக்குச் சதை இருக்கு. உனக்கு எங்க இருக்கு? எலும்புல அடிச்சா கழிதான் ஒடையும்."

முன்ஹோ சிரிக்கவில்லை. ஆற்றின்மேல் பனி கூடியது. எதிர்க்கரை மறைந்தது. நீர் ஓடும் சத்தம் மட்டும் இருந்தது. அவன் மனதில் அந்தக் காலை திரும்பத் திரும்ப நடந்தது. கடலிலிருந்து ஒரு வெளிச்ச விளிம்பு கிளம்பி மலைமேல் ஏறுகிறது. இறங்குகிறது. ஊர் ஊராக வாசலில் நின்று எழுப்புகிறது. ஒவ்வொருவருக்கும் வேறொரு சூரியனைக் காட்டுகிறது. உப்பு வியாபாரிக்குக் கொறிபட்டது. கரிக்காரருக்குக் கிள்ளுபட்டது. இந்த வீட்டில் புருஷனுக்கு ஒன்று, பெண்டாட்டிக்கு ஒன்று. எல்லாம் ஒரே காலை. இவ்வளவு அழகான ஒன்றை இதுவரை யாரும் கணக்கில் எழுதவில்லை என்பது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. பயமும் இருந்தது.

ஏழாம் நாள் காலை, ஹான்யாங்குக்கு ஒரு நாள் முன்னால், தெப்பம் அகன்ற மணல்திட்டு ஒன்றை ஒட்டிப் போனது. ஒரு பெண் முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தாள். இங்கும் கிழக்கு திறந்தே இருந்தது.

"கேக்காதே," என்றார் பியோ.

முன்ஹோ எழுந்து நின்று கையைக் குவித்துக் கத்தினான். "அம்மா! முதல் தேதி காலைல சூரியனப் பாத்தீங்களா?"

"என்னது?"

"சூரியன்! முதல் தேதி! உதிக்கும்போது கடிபட்டு இருந்துச்சா?"

அவள் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தாள். "சடங்கு இருக்குன்னு சொன்னாங்கன்னு இருட்டுலயே வந்து ஒக்காந்தேன்! ஒண்ணும் இல்ல! முழுசாத்தான் வந்துச்சு! ஒரு காலை வேலை போச்சு! எவன் சொன்னான் கடிபடும்னு?"

"நான்தான்!" என்று கத்தினான் முன்ஹோ.

"நல்லாச் சொன்னே போ!"

அவள் ஒரு முள்ளங்கியை ஓங்கினாள். எறிவதற்கா காட்டுவதற்கா என்று தெரிவதற்குள் தெப்பம் வளைவைத் தாண்டிவிட்டது. முன்னால் நின்ற தெப்பக்காரர் மூன்று நாளில் முதல் முறையாகச் சிரித்தார்.

முன்ஹோ உட்கார்ந்து மைக்கல்லை எடுத்தான். ஆற்று நீரைக் கையால் மொண்டு மை அரைத்தான். தெப்பம் ஆடாத நேரமாகப் பார்த்து எழுதினான். கடலில் உதயம் எப்போது, கடி நின்றது எவ்வளவு. கரிச் சூளை. கள்ளுக்கடை வாசல், நான்கு எட்டு. மணல்திட்டு. ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் வழி. கடைசியில்: ஹான்யாங்கில் சூரியன் முழுதாகவே உதித்தது. தாக் முன்ஹோவின் கணக்கு ஒன்றரை விரல் தவறு.

தாளைப் பியோவிடம் நீட்டினான்.

"நான் முத்திரை வைக்க மாட்டேன்," என்றார் பியோ. "என் தங்கச்சி புருஷன நானே கட்டிவெச்சு அடிக்கவா?"

"முத்திரை வேண்டாம். எண்ணச் சரி பாருங்க, போதும்."

பியோ வாங்கிப் படித்தார். விரல்விட்டு எண்ணினார். மறுபடி படித்தார். தூரிகையைப் பிடுங்கி ஓரிடத்தில் அடித்துத் திருத்தினார்.

"கரிச் சூளைக்குக் கடல்லேருந்து ரெண்டரை நாள் வழி இல்ல. ரெண்டுதான். மலையில கால் நாள் ரெண்டு தரம் ஒக்காந்தோம், அதக் கழிக்க மறந்துட்டியா? தப்பா எழுதிக் குடுத்து வேற அடி வாங்குவே போல." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே, தாளின் அடியில் முத்திரையை அழுத்தினார்.

மறுநாள் மத்தியானம் தலைமைக் கணக்கர் உறையைப் பிரித்தார். அறிக்கையைப் படித்து முகம் மலர்ந்தார். அரசர் நின்றது வீண் போகவில்லை. பிறகு இரண்டாம் தாளை எடுத்தார். அதைப் படிக்க வெகுநேரம் ஆனது. படித்து முடித்து, மடித்து, மேசையில் முன்ஹோவின் பக்கமாகத் தள்ளினார்.

"கடல்ல கடி இருந்துச்சு. ரெண்டு பேரும் பாத்தீங்க. அதிகாரி முத்திரை இருக்கு. இதோட இது நல்லபடியா முடிஞ்சுது," என்றார். "இந்தத் தாள நான் பாக்கல. எடுத்துக்கிட்டுப் போ."

தாள் மேசையின் விளிம்பில் இருந்தது. கையை நீட்டினால் போதும். பின்னால் பியோ தொண்டையைச் செருமினார். எடு என்று அர்த்தம். முன்ஹோவுக்கு அது புரிந்தது.

"பாருங்க ஐயா," என்றான் முன்ஹோ.

"நாட்டுக்கு ஒரு உதயம்தான்யா அச்சடிக்கிறோம்."

"ஊருக்கு ஒண்ணு இருக்கு ஐயா. நாமதான் அச்சடிக்கல."

தலைமைக் கணக்கர் அவனையே பார்த்தார். அவர் கொடியவர் அல்ல. களைத்தவர். "பியோ, நீ என்ன சொல்றே?"

"என் விடை சரி ஐயா. ஆனா வழி தப்பு. சீன அட்டவணைய எடுத்தேன். அடிக்கறதா இருந்தா என்னையும் அடிக்கணும்."

"வழிய யாரும் கேக்கல," என்றார் தலைமைக் கணக்கர். முன்ஹோவின் தாளை எடுத்து மற்ற தாள்களோடு சேர்த்து வைத்தார். அதன்மேல் கல்லை வைத்தார். பிறகு தூரிகையை எடுத்து வேறொரு தாளில் ஒரு பெயரையும் ஓர் எண்ணையும் எழுதினார்.

முற்றத்தில் பலகையைப் போட்டார்கள். முன்ஹோ தொப்பியைக் கழற்றிப் பியோவிடம் கொடுத்தான். குப்புறப் படுத்தான். பலகை வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது. எண்ணுபவர் பக்கத்தில் நின்றார். ஒவ்வோர் எண்ணையும் இழுத்துச் சொல்வதுதான் வழக்கம். குரல் அடங்கிய பிறகே அடுத்த கழி எழும். முன்ஹோ மனதில் அந்த இடைவெளியை அளந்தான். அறுபதுக்கும் எவ்வளவு நேரம் என்று பெருக்கினான். ஏறக்குறைய இரண்டு விரல் ஊதுவத்தி, சூரியன் கடலிலிருந்து ஹான்யாங் வந்து சேரும் நேரம்.

ஒன்று. கடலில் பனி சிவந்தது.

ஐந்தில் கீழோரம் நீரைவிட்டுப் பிரிந்தது. பள்ளம் தெரிந்தது. அது அவ்வளவு தெளிவாக அன்றுகூட இல்லை. பத்தில் வெளிச்சம் மலையேறியது. உப்பு மூட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறம் பெற்றன. அவன் பலகையின் விளிம்பைப் பற்றினான். பதினெட்டில் கணவாய். இருபத்திரண்டில் கரிக்காரர் சூளையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். பிறகு எண்கள் தூரத்திலிருந்து வந்தன. ஆற்றின் அக்கரையிலிருந்து யாரோ கூப்பிடுவதுபோல.

முப்பதில் ஒருவர் வாசலில் நின்று மனைவியைக் கத்திக் கூப்பிட்டார். அவள் அடுப்பை விட்டு எழுந்தாள். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. அவள் வந்து நின்றாள்.

அதற்குப் பின் சூரியனில் கடி இல்லை. அது ஆற்றின் போக்கிலேயே மேற்கே வந்தது. பைன் மரங்களின் வெட்டுமுனைகள் பளபளத்தன. நாற்பதில் அவன் மயங்கவில்லை. மயங்காததைக் கவனித்தான். பியோவின் குரல் அருகே கேட்டது. "மாப்ளே, எண்ணு. விட்டுடாதே, எண்ணு." ஐம்பது. மணல்திட்டில் ஒரு பெண் கையைக் கண்ணுக்குமேல் வைத்துப் பார்த்தாள். ஐம்பத்தைந்து. கோட்டைச் சுவர். ஐம்பத்தெட்டு. முற்றத்தில் வெள்ளை உடையில் வரிசையாக மனிதர்கள், ஒருவரும் பேசாமல்.

அறுபது என்று அந்தக் குரல் இழுத்தது. ஹான்யாங்கில் சூரியன் உதித்தது. அதில் ஒரு குறையும் இல்லை.